கட்டை விரலில் விழுந்த ஜன்னல்

அந்த ஆடி மாதத்தில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் பெங்களூரில் சூரியன் வரவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சே இல்லை. மூட்டம், தூறல், துணி காயவில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அதில் நான்கு நாள் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவேன், வானத்தைப் பார்ப்பேன், திரும்பி வந்தால் குழம்பு ஊற்ற மறந்திருப்பேன். திங்கட்கிழமைக்குள் அரைமணி நேரம் வெயில் அடித்தால் என் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து என்னிடமே இருக்கும். அடிக்காவிட்டால் நான் மறுபடி துடைப்பத்தைப் பிடிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லப் போனால் ஒரு லென்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பெண்கள் காலேஜ். அதில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். பிசிக்ஸ் லேபைப் பெருக்கும்போது ஒரு சாமானையும் நான் இடம் மாற்றி வைத்ததில்லை. எடுத்த இடத்தில், எடுத்த திசையில், அப்படியே வைப்பேன். அதைக் கவனித்தது லேபைப் பார்த்துக்கொண்ட மேடம். கன்னடக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். அங்கே இருந்த அட்டெண்டர் ஓய்வு பெற்றுப் போனபோது, நீங்கள் உள்ளே வருகிறீர்களா ஆயம்மா என்று கேட்டார். சாவியை என் கையில் கொடுத்தால் வருகிறேன் என்றேன். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் திட்டு வாங்கியிருப்பார்கள். மேடம் சிரித்துக்கொண்டே கொத்தை எடுத்துக் கொடுத்தார். பதினோரு சாவி. காவேரிக் கலாட்டாவில் காலேஜை மூடினார்களே, அதற்கு முந்தைய வருஷம் அது.

தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். என் பெயரை எழுதுவேன். எண்கள் தெரியும். இங்கிலீஷ் சுத்தமாக வராது. லேபில் எல்லாப் பெட்டியிலும் இங்கிலீஷில்தான் சீட்டு ஒட்டியிருக்கும். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சீட்டை நான் எழுத்தாகப் பார்த்ததில்லை, முகமாகத்தான் பார்த்தேன். கூட்டத்தில் நம் ஜனத்தைக் கண்டுபிடிக்க யாராவது பெயரையா படிக்கிறார்கள்?

லேபில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. வெளியே தூங்குமூஞ்சி மரம். புதிதாக வரும் பெண்களுக்கு மேடம் முதலில் சொல்லிக் கொடுப்பது அந்த மரத்தைப் பிடிப்பதைத்தான். நடுவில் தொப்பை வைத்த லென்ஸ் ஒன்றை எடுத்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் பக்கத்தில் பிடித்து, முன்னே பின்னே நகர்த்தினால் ஒரு இடத்தில் சுவரில் மரம் விழும். உள்ளங்கை அளவு மரம், தலைகீழாக, இலை அசைவது முதற்கொண்டு தெரியும். சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தால் அந்த லென்ஸின் நம்பர் வந்துவிடும். ஸ்கேலில் எண்களை வாசிக்க எனக்கு எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை. ஒரே மாதத்தில் எல்லா லென்ஸுக்கும் நம்பர் என் மனதில் ஏறிவிட்டது.

எனக்கு எல்லாமே இரண்டு ஜாதிதான். விழுகிற பிம்பம், விழாத பிம்பம். தொப்பை லென்ஸில் மரம் சுவரில் விழும். குழி விழுந்த கண்ணாடியில் ஜன்னல் திரும்பி வந்து காகிதத்தில் விழும். வீட்டில் மாட்டுகிற சாதாரணக் கண்ணாடியில் முகம் தெரியும், ஆனால் எங்கேயும் விழாது. கண்ணாடிக்குப் பின்னால் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார், ஒன்றும் இருக்காது. குழி லென்ஸில் பார்த்தால் எதிரில் இருப்பது சின்னதாகத் தெரியும், அதுவும் விழாது.

பெண்களுக்குப் பாடம் நடக்கும்போது காதில் விழுந்ததை ஒருநாள் மேடத்திடம் கேட்டேன். விழுவதற்கு ரியல் என்று பெயராம், விழாததற்கு வெர்ச்சுவல் என்று பெயராம். மெய், மாயம் என்று தமிழில் சொல்லலாம் என்றார்.

"தலைகீழா நிக்கிறது மெய்யா? நேரா நிக்கிறது மாயமா?"

"ஆமா ஆயம்மா. வெளிச்சம் நிஜமா வந்து சேர்ற இடத்துல உண்டாகிறது ரியல். வந்து சேர்ற மாதிரி நம்ம கண்ணுக்குத் தோணுறது வெர்ச்சுவல்."

"அப்ப இத்தனை வருசமா நான் மாயத்தப் பாத்துதான் பொட்டு வச்சிக்கிட்டு இருந்தனா?"

மேடம் சிரித்துவிட்டார். ஆனால் பொட்டு சரியான இடத்தில்தானே இருக்கிறது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பெயர் மட்டும் பிடிக்கவில்லை. விழுவது, விழாதது என்பதையே வைத்துக்கொண்டேன்.

ஸ்டோரில் ஒரு ஆள் இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், முப்பது வயதிருக்கும். என்னை அக்கா என்றும் நான் அவரைத் தம்பி என்றும் கூப்பிடுவோம். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் லேபுக்கு வந்து நான்கைந்து வருஷம் ஆகியும் தற்காலிகமாகத்தான் இருந்தேன். அப்போது லேப் அட்டெண்டர் இடத்தை பர்மனெண்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவரும் எழுதிக் கொடுத்தார். எனக்காக மேடம் எழுதிக் கொடுத்தார். இடம் ஒன்றுதான். அது அவருக்குப் போனால் நான் பழையபடி பெருக்குகிற வேலைக்குப் போக வேண்டும். பெருக்குவது கேவலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே அறைக்குள் துடைப்பத்தோடு அடுத்தவரைக் கேட்டு நுழைவது என்னால் ஆகாது.

அந்த வருஷ மழையில் லேபின் மூலையில் ஒழுகி, லென்ஸ் வைத்திருந்த மரப்பெட்டி ஊறிப்போய், சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. லென்ஸும் கண்ணாடியும் வெறும் வட்டக் கண்ணாடிகளும் ஒரே தட்டில் குவியலாகக் கிடந்தன. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒரு காலை நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன். மரத்தைச் சுவரில் போடுவது ஒரு பக்கம். ஜன்னலைத் திருப்பிப் போடுவது ஒரு பக்கம். மிஞ்சியதில்தான் குழப்பம். லேசான குழி லென்ஸும் வெறும் வட்டக் கண்ணாடியும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது.

அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். நல்ல வெயில். ஒரு குழி லென்ஸைத் துடைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தேன். இன்னொரு கையின் கட்டைவிரல் லென்ஸுக்கு முன்னால், ஜன்னல் பக்கமாக, நகம் லென்ஸைப் பார்க்க இருந்தது. அந்த நகத்தின் மேல் ஒரு ஜன்னல். அரிசி அளவுதான் இருக்கும். வெளிறிப்போய், தலைகீழாக, கம்பியோடு. விரலை நகர்த்தினேன், கலைந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன், மறுபடி வந்தது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் விழுந்தது. வெறும் வட்டக் கண்ணாடியில் விழவில்லை. அவ்வளவுதான், எனக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. நகத்தில் ஜன்னல் விழுந்தால் குழி லென்ஸ், விழாவிட்டால் வெறும் கண்ணாடி. பத்து நிமிஷத்தில் பிரித்து முடித்தேன். மேடத்திடம் எப்படிப் பிரித்தேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷம்தான் வினையாக வந்தது. அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிற கமிட்டியில் ஒரு பெரியவர் இருந்தார். பிசிக்ஸ் புரொபசராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பக்கத்துத் தமிழர்தான், எப்போதும் கோட்டுப் போட்டிருப்பார். படிக்கத் தெரியாத அம்மா சீட்டில்லாமல் லென்ஸைப் பிரித்தாளாமே, நான் பார்க்க வேண்டும் என்று ஒரு புதன்கிழமை வந்துவிட்டார். வானம் அன்றைக்குத்தான் மூட ஆரம்பித்திருந்தது. கூடவே ஸ்டோர்த் தம்பியும் வந்து கதவோரம் நின்றார்.

பெரியவர் தன் கையாலேயே தட்டைக் கலக்கினார். நான் பிரித்தேன். மூட்டத்திலும் மரம் சுவரில் மங்கலாக விழுந்தது. குழி லென்ஸை மட்டும் அன்றைக்கு அதன் வழியாகப் பார்த்துப் பிரித்தேன். மரம் சின்னதாகத் தெரிந்தால் குழி. லேசான குழிகளில் அது சட்டென்று பிடிபடாது, கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தலையாட்டினார். பரவாயில்லையே என்றார். மேடம் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வெயில் இருந்தா இன்னும் சீக்கிரம் பிரிச்சிருப்பேன் சார், குழி லென்ஸ்ல ஜன்னல் விழும், அத வச்சே சொல்லிடுவேன் என்றேன்.

"எதுல விழும்?"

"குழி லென்ஸ்லதான் சார்."

"குழி லென்ஸ்ல எப்படிம்மா விழும்? அதுல வர்றது எப்பவும் வெர்ச்சுவல். ஸ்கூல் பசங்களுக்கே தெரியும்."

"விழும் சார். நான் பாத்திருக்கேன்."

அவர் மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. எங்கே, காட்டு என்றார் பெரியவர். நான் ஜன்னலுக்கு நேரே லென்ஸைப் பிடித்து, கட்டைவிரலை நீட்டி, முன்னே பின்னே நகர்த்தினேன். விழவில்லை. வெளியே சாம்பல் நிற வானம். ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. நகம் வெறும் நகமாகவே இருந்தது. ஐந்து நிமிஷமாவது நகர்த்தியிருப்பேன்.  கதவோரத்திலிருந்து தம்பி மெதுவாக, வானம் உங்க பக்கம் இல்ல போலிருக்கே அக்கா என்றார்.

பெரியவருக்குக் கோபமெல்லாம் இல்லை. தன்மையாகத்தான் பேசினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்தான் லேபுக்கு வேண்டும், இல்லாததைப் பார்த்தேன் என்று சாதிக்கிறவர் நாளைக்குப் பெண்களிடமும் அதையே சொல்லுவார் என்றார். திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் உனக்கே எழுதித் தருகிறேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். சம்மதம் இல்லை அது. பேசினால் அழுதுவிடுவேனோ என்ற பயம்.

அவர் போனதும் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தைதானே ஆயம்மா. சொல்லிடுங்க. உங்களுக்கு என்ன போகுது?"

என்ன போகிறது என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கோவையாக வந்தது. மற்றவர்கள் சீட்டைப் படித்துச் சொல்லுகிறார்கள். நான் பார்த்துச் சொல்லுகிறேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் எதை வைத்துச் சொல்லுவேன்? எனக்கு வேறு என்ன இருக்கிறது?

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லேபில் பெண்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். லென்ஸ் ஒன்றை முந்தானையில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். மேகம் கொஞ்சம் வெளுத்தால் ஓடுவேன், பிடிப்பேன், ஒன்றும் விழாது. திரும்பி வருவேன். சுருள் கம்பி கேட்ட பெண்ணுக்குக் காந்தத்தைக் கொடுத்தேன். அப்படி நான் செய்ததே இல்லை. எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே பார்த்தேனா? வேறு ஏதாவது ஒளி தெறித்து வந்ததா? சந்தேகம் வந்ததும் கை இன்னும் பரபரத்தது. சனிக்கிழமை அல்சூர் ஏரிக்கரை வரை நடந்துபோய், மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். அது எந்தப் பக்கமும் போகவில்லை. மேலேயே நின்றுகொண்டிருந்தது.

லென்ஸை வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. எடுக்கவில்லை. லேபிலிருந்து ஒரு குண்டூசிகூட என் வீட்டுக்கு வந்ததில்லை.

வீட்டில் என் கணவர் ஆட்டோ ஓட்டுபவர். நான் உள்ளே வெளியே என்று அலைவதை ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எதையும் கேலி செய்யாமல் அவரால் இருக்க முடியாது. உன்னை ஆட்டோவில் கட்டிவிட்டால் பெட்ரோல் இல்லாமலே மைசூர் வரை போகலாம் போலிருக்கிறதே என்றார். அப்புறம் கொஞ்சம் கனிவாகவே சொன்னார்.

"அந்தாளு பெரிய படிப்பு படிச்சவரு. அவரு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். ஜன்னலு இன்னா, கட்டடத்தோட பேத்துக்கினா போயிடும்?"

"நீங்க சும்மா இருங்க. மீட்டர்ல இருபது ரூபா காட்டினா பத்துதான்னு ஒத்துக்குவீங்களா?"

"அது மீட்டருடி. எல்லாருக்கும் தெரியுது. உன் ஜன்னலு உனக்கு மட்டும்தான தெரியுது."

 அதுதான் என்னையும் உறுத்திக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

சாயங்காலம் வழக்கம்போலக் கரண்டு போனது. அப்போதெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகப் போகும். மெழுகுவர்த்தி ஏற்றி மாடத்தில் வைத்தேன். அவர் மாடத்துக்கு முதுகைக் காட்டி, வெளிச்சம் தோளுக்கு மேலாக விழ, பனியனோடு உட்கார்ந்திருந்தார். தூரப் பார்வைக்கு அவர் கண்ணாடி போடுகிறவர். அதைக் கழற்றி நெஞ்சுக்கு நேரே பிடித்து, லுங்கி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பனியனில் ஒரு சுடர் எரிந்தது. கடுகு அளவு. தலைகீழாக.

நான் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அசையாதீங்க என்றேன்.

"இன்னாடி? பல்லியா?"

"உங்க நெஞ்சுல வெளக்கு எரியுது."

"கண்ணாலம் கட்டி இத்தினி வருசம் கழிச்சு இப்பதான் தெரிஞ்சுதா?"

அவர் பேசிக்கொண்டே போனார். நான் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டேன். முகத்தின் பக்கம் இருக்கிற வளைவைத் தடவினேன். குழி. மெழுகுவர்த்திக்கு நேரே அந்தக் குழியைக் காட்டி, சுடருக்கும் அதற்கும் நடுவே, சற்று ஓரமாக விரலை நீட்டினேன். நகத்தில் சுடர் விழுந்தது. மெழுகுவர்த்தியை ஊதினேன், அணையாத அளவுக்கு. பெரிய சுடர் வலது பக்கம் சாய்ந்தது. நகத்தில் இருந்தது இடது பக்கம் சாய்ந்தது. அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் அவருக்கு நன்றாகவே தெரியும். குனிந்து பார்த்துவிட்டு, அட, ஆமா என்றார். வேறு கேலி எதுவும் வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

பிறகுதான் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. லேபில் இருட்டறை இருக்கிறது. மெழுகுவர்த்தி பெட்டி பெட்டியாக இருக்கிறது. பெண்களுக்கு நானேதான் தினம் ஏற்றிக் கொடுக்கிறேன். ஆனால் மெழுகுவர்த்தி அவர்களுக்கு, ஜன்னல் எனக்கு என்று மனதில் எப்போதோ பிரித்துவைத்துவிட்டேன். ஐந்து வருஷமாக எந்தப் பிம்பத்தையும் நான் ஜன்னலில்தான் பிடித்தேன். வெயிலுக்காக நான்கு நாள் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, மூக்கின் கீழேயே எரிந்துகொண்டிருந்த சுடர் ஞாபகத்துக்கே வரவில்லை.

திங்கட்கிழமை காலேஜ் கேட்டைத் திறக்கும் முன்பே போய் நின்றேன். மேடம் வந்ததும் இருட்டறைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். லேபுக் குழி லென்ஸ், மெழுகுவர்த்தி, விரல் அகலத்துக்கு வெட்டிய வெள்ளை அட்டை. அட்டையில் சுடர் வந்து நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது நாங்க பி.எஸ்சி.ல பண்ணியிருக்கோம் ஆயம்மா. மறந்தே போச்சு. இது லென்ஸ் வழியா வர்றது இல்ல. லென்ஸோட மூஞ்சி பளபளன்னு இருக்கே, அதுல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம். அந்த மூஞ்சி குழியா இருக்கிறதால அது குழிக் கண்ணாடி மாதிரி வேலை செய்யுது."

அவர் சொன்னதை நான் மனதுக்குள் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். லென்ஸின் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போகிற வெளிச்சம் ஒன்று. அது விழாது. முகத்தில் பட்டு இந்தப் பக்கமே திரும்புகிறது கொஞ்சூண்டு வெளிச்சம். அது விழும். அப்படியானால் பெரியவர் கேட்டது முதலாவதை. நான் பார்த்தது இரண்டாவதை. ஒரே கண்ணாடித் துண்டில் மாயமும் இருந்திருக்கிறது, மெய்யும் இருந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. லென்ஸில் விழுகிறது என்று அடித்துச் சொன்னேனே, அதில் பாதி தப்பு.

பதினோரு மணிக்குப் பெரியவர் வந்தார். கமிட்டிக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்று மேடம் கேட்டுக்கொண்டார். இருட்டறைக்குள் வந்தார். நான் சுடரை அட்டையில் போட்டேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார். அட்டையைத் தானே வாங்கிப் பிடித்தார். வயதான கை, ஓரிடத்தில் நிற்கவில்லை. சுடர் கலைந்து கலைந்து போனது. நான் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். பிறகு நின்றது.

"இது லென்ஸ் பண்றது இல்லம்மா. பளபளப்பு பண்றது."

"யாரு பண்றாங்கன்னு நான் சொல்லலீங்க சார். விழுதுன்னுதான் சொன்னேன்."

 பெரியவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்னைக்கு என்ன சொல்லுவே?"

"உள்ள பூந்து போற வெளிச்சம் விழாது சார். அது நீங்க சொன்னதுதான். மூஞ்சியில பட்டுத் திரும்பறது விழும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க. இன்னைக்குக் காலையிலதான் மேடம் சொன்னாங்க. அன்னைக்கு நான் பாத்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். இருட்டில் மூன்று பேரும் நின்றோம். பிறகு கதவைத் தடவித் திறந்துகொண்டு கமிட்டி அறைக்குப் போய்விட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான்கு நாளையும்விட நீளம். வராந்தாவில் ஸ்டூல் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன். சாவிக்கொத்தை அவிழ்த்து எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். ஸ்டோர்த் தம்பி இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். உட்காருங்க அக்கா, நடந்து நடந்து தரை தேஞ்சிடும், அப்புறம் அதையும் நாமதான் கழுவணும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. டீயைக் குடித்தேன். தட்டைக் கலக்கி உங்ககிட்ட கொடுத்தா பிரிப்பீங்களா தம்பி என்று கேட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது. அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, சீட்டு ஒட்டியிருந்தா பிரிப்பேன் அக்கா என்றார். அவரிடமும் பொய் கிடையாது.

கடைசியில் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். பர்மனெண்ட் ஆர்டரில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கிளார்க் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். தமிழில்தான் போட்டேன். அவசரத்தில் என் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெட்டிகளுக்குப் புதுச் சீட்டு உடனே ஒட்டியாக வேண்டும் என்று பெரியவர் குறிப்பு எழுதியிருந்தாராம். மேடம் எழுதித் தர, நானே பசை தடவி எல்லாவற்றையும் ஒட்டினேன். ஓய்வு பெறுகிறவரை அந்தச் சீட்டுகளை ஒருநாளும் படித்ததில்லை.

பெரியவர் போகும்போது லேப் வாசலில் கொஞ்சம் நின்றார். வெயில் வர்ற அன்னைக்கு எனக்கு அந்த ஜன்னலக் காட்டணும் என்றார். சரி சார் என்றேன். அதற்கு அப்புறம் அவர் லேப் பக்கம் வரவே இல்லை. வயதானவர், உடம்புக்கு முடியாமல் கமிட்டியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெயில் வந்தது. ஐந்து நாளாக எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி எனக்கு அதன்மேல் கோபம். ஜன்னல் பக்கம் திரும்பாமலே பெண்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அலமாரிகளைப் பூட்டினேன். கடைசிச் சாவியைத் திருப்புகிறபோது மனது கேட்கவில்லை. மறுபடி திறந்து, லேசான குழி லென்ஸ் ஒன்றை எடுத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கட்டைவிரலை நீட்டினேன். விழுந்தது. கம்பி எத்தனை என்று எண்ணப் பார்த்தேன், அவ்வளவு சின்னதில் எண்ண வரவில்லை. தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் வெயில் இறங்கி நகத்திலிருந்து ஜன்னல் மங்குகிறவரை அப்படியே நின்றேன். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.